டூப்ளிகேட் இல்லாமல் ஆப்ஜெக்ட் பட்டியல்களை இணைப்பது: ஜாவாஸ்கிரிப்டில் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு புத்தகக் கடைக்கு இணையதளம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடையின் சொந்த டேட்டாபேஸிலிருந்து ஒரு பட்டியல் வருகிறது: எந்தப் புத்தகம் எத்தனை பிரதி இருக்கிறது, என்ன விலைக்கு விற்கிறோம் என்று. விநியோகஸ்தரின் ஏபிஐயிலிருந்து (வேறொரு புரோகிராமுக்குத் தரவு தரும் வழி) இன்னொரு பட்டியல் வருகிறது: அதே புத்தகங்களில் பலவும், கடையில் இல்லாத வேறு சிலவும், அட்டைப்படம், பக்க எண்ணிக்கை, அச்சிட்ட விலை ஆகியவற்றோடு. இரண்டையும் ஒரே பட்டியலாகக் காட்ட வேண்டும். ஒரு புத்தகம் ஒரு தடவைதான் வர வேண்டும்.

தேடிப் பார்த்தால் இதற்கு ஒரே வரியில் விடை கிடைத்துவிடும். அந்த வரி பல இடங்களில் ஓடவும் செய்யும். ஆனால் நமக்குப் பதிலாக அது இரண்டு முடிவுகளைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறது. எந்த இரண்டு பதிவுகள் உண்மையில் ஒன்று? அவை முரண்பட்டால் யார் சொல்வதை நம்புவது? இந்த இரண்டு கேள்விக்கும் நாமே பதில் சொல்லிவிட்டு அப்புறம் கோடு (code) எழுத உட்கார்ந்தால், எழுத வேண்டியது பத்துப் பதினைந்து வரிதான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விகளுக்கே கொடுத்திருக்கிறேன்.

கோடு வரும் இடங்களில் அதைத் தமிழ்ப் படிகளாகவே எழுதுகிறேன். ஒவ்வொரு படிக்கும் ஜாவாஸ்கிரிப்டில் நேரான ஒரு வரி உண்டு.

படி 1: செட் ஏன் போதாது என்று புரிந்துகொள்ளுங்கள்

எண்களோ ஸ்ட்ரிங்குகளோ (எழுத்துத் தொடர்கள்) உள்ள இரண்டு அரேக்கள் (வரிசைப் பட்டியல்கள்) என்றால் வேலை சுலபம். இரண்டையும் ஸ்ப்ரெட் செய்து (மூன்று புள்ளியிட்டு உறுப்புகளைப் பிரித்து) ஒரு செட்டுக்குள், அதாவது ஒரே மதிப்பை இரண்டு தடவை வைக்காத தொகுப்புக்குள் போட்டு, மறுபடி அரேயாக மாற்றினால் முடிந்தது. செட், மேப் (ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு மதிப்பை வைக்கும் தொகுப்பு) இரண்டும் 2015-இல் வந்த எக்மாஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டின் தரநிலை) பதிப்பிலிருந்தே மொழியில் இருக்கின்றன. எந்த பிரவுசரிலும் தயங்காமல் பயன்படுத்தலாம்.

ஆப்ஜெக்ட் (தலைப்பு, விலை போன்ற புலங்களைச் சேர்த்து வைத்த பதிவு) என்றால் அந்த வழி பலிக்காது. செட் உள்ளே இருக்கும் விவரங்களைப் பார்ப்பதில்லை. நினைவகத்தில் இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்று மட்டுமே பார்க்கிறது. ஒரே தலைப்பு, ஒரே ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்), ஒரே விலை என்று எல்லாம் ஒத்திருந்தாலும், இரண்டு தனித்தனி ஜேசான் (JSON, தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) பதில்களிலிருந்து வந்தவை இரண்டு தனி ஆப்ஜெக்ட்டுகள். செட்டில் இரண்டும் தங்கிவிடும்.

இங்கே பலர் எடுக்கும் அடுத்த வழி, ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் ஜேசான் ஸ்ட்ரிங்காக மாற்றி அந்த ஸ்ட்ரிங்குகளைச் செட்டில் போடுவது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு ஆப்ஜெக்ட்டில் தலைப்பு முதலிலும் விலை அடுத்தும் இருந்து, இன்னொன்றில் வரிசை மாறியிருந்தால் ஸ்ட்ரிங்குகள் வேறாகிவிடும். அன்டிஃபைன்ட் (undefined, மதிப்பே தரப்படாத நிலை) மதிப்புள்ள புலங்கள் காணாமல் போகும். எண் அல்லாத என்ஏஎன் (NaN), நல் (null, 'மதிப்பு இல்லை' என்ற குறி) ஆகிவிடும். பிக்இன்ட் (மிகப் பெரிய முழு எண்களுக்கான வகை) இருந்தாலோ, ஆப்ஜெக்ட் தன்னையே சுற்றிச் சுட்டினாலோ எரர் வரும். இதற்கெல்லாம் மேலே ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது: நம் இரண்டு பட்டியல்களிலும் ஒரே புத்தகத்துக்கு வெவ்வேறு விவரங்கள் இருக்கின்றன. முழு ஆப்ஜெக்ட்டையும் ஒப்பிட்டால் அவை ஒருபோதும் பொருந்தப் போவதில்லை.

ஆக, ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் ஒரு கீ வேண்டும்.

படி 2: கீயைத் தேர்ந்தெடுங்கள்

இதுதான் இந்த வேலையின் மையம். அவசரப்படாமல் செய்யுங்கள்.

இரண்டு பட்டியலும் ஒரே டேட்டாபேஸிலிருந்து வந்தால் அங்குள்ள ஐடியே கீ. அதிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு இடத்தில் ஐடி எண்ணாகவும் இன்னொரு இடத்தில் ஸ்ட்ரிங்காகவும் வருவது சர்வசாதாரணம். மேப்பைப் பொறுத்தவரை எண் 12-உம் ஸ்ட்ரிங் "12"-உம் வெவ்வேறு கீ. அதனால் எப்போதும் ஸ்ட்ரிங்காக மாற்றியே பயன்படுத்துங்கள்.

ஐடி மிகப் பெரிய எண் என்றால் ஆபத்து இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் நம்பர், 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகில்லாமல் வைத்திருக்கும். அதற்கு மேல் போனால், ஜேசானில் 9007199254740993 என்று வந்த ஐடி, பார்ஸ் செய்து (ஜேசானைப் படித்து மதிப்புகளாக்கி) முடித்ததும் 9007199254740992 ஆகிவிடுகிறது. அந்த எண்ணிலேயே வேறொரு பதிவு இருந்தால் இரண்டும் ஒன்றென்று கருதப்பட்டு ஒன்று அழிந்துபோகும், எந்த எரரும் வராது. டிவிட்டர் தன் ஏபிஐயில் 64 பிட் ஐடியை எண்ணாகவும் ஸ்ட்ரிங்காகவும் இரண்டு புலங்களில் அனுப்பியது இந்தக் காரணத்தால்தான். பார்ஸ் ஆன பிறகு ஸ்ட்ரிங்காக மாற்றிப் பயனில்லை. சர்வரே ஸ்ட்ரிங்காக அனுப்ப வேண்டும்.

நம் கதையில் இரண்டு பட்டியல்களும் இரண்டு நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. கடையின் ஐடி விநியோகஸ்தருக்குத் தெரியாது. பொதுவாக இருப்பது ஐஎஸ்பிஎன் மட்டுமே. நல்ல கீ, ஆனால் அப்படியே எடுத்துப் பயன்படுத்தினால் காலை வாரிவிடும்.

2007 ஜனவரி 1 முதல் ஐஎஸ்பிஎன் 13 இலக்கம். அதற்கு முன் 10 இலக்கம். பழைய பதிவுகளில் 10 இலக்க எண்ணும் புதியவற்றில் 13 இலக்க எண்ணும் இருக்கும். ஒரே எண்ணைச் சிலர் இடையில் சிறு கோடுகளோடு (-) எழுதுவார்கள், சிலர் இடைவெளிகளோடு, சிலர் எதுவும் இல்லாமல். எடுத்துக்காட்டாக இந்த மூன்றும் ஒரே புத்தகத்தைக் குறிக்கின்றன:

0-306-40615-2
0306406152
978-0-306-40615-7

கீயாகப் பயன்படுத்தும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். முறை இதுதான். முதலில் கோடுகளையும் இடைவெளிகளையும் நீக்குங்கள். மிஞ்சியது 13 இலக்கம் என்றால் அப்படியே விடுங்கள். 10 என்றால் கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டு முன்னால் 978 சேருங்கள். இப்போது கையில் 12 இலக்கம். அவற்றை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்கு ஆக்க எவ்வளவு தேவையோ அதுவே 13-ஆவது இலக்கம். மேலே உள்ள எண்ணுக்குக் கூட்டினால் 93 வரும். 100-க்கு 7 குறைகிறது. ஆகவே கடைசி இலக்கம் 7.

ஐஎஸ்பிஎன்னை எப்போதும் ஸ்ட்ரிங்காகவே வைத்திருங்கள். எண்ணாக மாற்றினால் 10 இலக்க எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். அந்தப் பழைய வடிவத்தில் கடைசி இடத்தில் பத்தைக் குறிக்க எக்ஸ் என்ற எழுத்தும் வரலாம். அது சிறிய எழுத்தாகவும் பெரிய எழுத்தாகவும் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டியல் எக்செல் வழியாக வந்திருந்தால், 13 இலக்கம் 9.78E+12 என்று சுருங்கி வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்த வடிவத்திலேயே சேமித்து அனுப்பியிருந்தால் மற்ற இலக்கங்களை மீட்கவே முடியாது. மூலக் கோப்பைத் திரும்பக் கேட்பதுதான் வழி.

கீ இல்லாத பதிவுகள்

தமிழ்ப் புத்தகங்களை வைத்து வேலை செய்தால் இது உடனே தலைகாட்டும். பழைய பதிப்புகள் பலவற்றில் ஐஎஸ்பிஎன் கிடையாது. அப்படிப்பட்ட பதிவில் கீ அன்டிஃபைன்ட் ஆகிறது. மேப்புக்கு அன்டிஃபைன்ட்டும் ஒரு செல்லுபடியான கீதான். ஐஎஸ்பிஎன் இல்லாத இருநூறு புத்தகங்கள் இருந்தால் இருநூறும் ஒரே கீயில் விழும். கடைசியாக வந்த ஒன்று மட்டும் மிஞ்சும். டூப்ளிகேட்டை நீக்கும் கோடில் நான் முதலில் தேடுவது இந்தப் பிழையைத்தான். டூப்ளிகேட் தங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியும், பயனரே சொல்லிவிடுவார். தொலைந்துபோன பதிவு யார் கண்ணிலும் படாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பாதுகாப்பானது, கீ இல்லாத பதிவுகளைத் தனி அரேயில் ஒதுக்கி, எதையும் நீக்காமல் கடைசியில் சேர்ப்பது. இன்னொன்று, தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு மூன்றையும் சேர்த்து ஒரு கூட்டுக் கீ செய்வது.

கூட்டுக் கீ செய்யும்போது துண்டுகளை அப்படியே ஒட்டாதீர்கள். "1", "23" இரண்டையும் ஒட்டினாலும் "12", "3" இரண்டையும் ஒட்டினாலும் "123"தான் வரும். நடுவில் ஒரு கோடு போட்டாலும், அந்தக் கோடு தலைப்புக்குள்ளேயே இருந்தால் இதே சிக்கல். துண்டுகளை ஒரு அரேயில் வைத்து அந்தச் சின்ன அரேயை மட்டும் ஜேசான் ஸ்ட்ரிங்காக மாற்றுங்கள். வரிசை நம் கையில் இருப்பதால் இங்கே ஜேசானால் தொல்லை இல்லை.

தமிழ்த் தலைப்பைக் கீயில் சேர்த்தால் யூனிகோடின் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். ஓகாரமும் அப்படியே. திரையில் துளி வித்தியாசமும் தெரியாது, ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் இரண்டும் வேறு. ஸ்ட்ரிங்கின் நார்மலைஸ் மெத்தடை என்எஃப்சி வடிவத்தில் அழைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதுவும் 2015 பதிப்பிலிருந்து இருக்கிறது. தமிழ்த் தரவைத் தொடும் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் இதை முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

நார்மலைஸால் தீராதவையும் உண்டு. "கௌரி" என்பதைப் பலர் கொம்பும் ளகரமும் தட்டி "கெளரி" என்று எழுதுகிறார்கள். யூனிகோடைப் பொறுத்தவரை அது உண்மையாகவே வேறு சொல். கண்ணை மூடிக்கொண்டு அந்த இணையை எல்லா இடத்திலும் ஔகாரமாக மாற்றினால் "தெளிவு" சிதைந்துவிடும். ளகரத்துக்குப் பின் வேறு உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் எடுத்து, ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்வதே நல்லது. கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகள், இரட்டை இடைவெளிகள், தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது எல்லாவற்றையும் கீ செய்யும் ஃபங்ஷனுக்குள்ளேயே சுத்தம் செய்யுங்கள். கீக்காக மட்டும்தான், திரையில் காட்டும் தலைப்பைத் தொட வேண்டாம்.

படி 3: மேப்பில் சேருங்கள்

கீ கையில் வந்தபின் மிச்சம் எளிது.

விளைவு = காலி மேப்
கீயில்லாதவை = காலி அரே
இரண்டு பட்டியலிலும் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும்:
— கீ = கீ செய் (பதிவு)
— கீ இல்லை என்றால், கீயில்லாதவையில் சேர்த்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போ
— விளைவில் இந்தக் கீ இல்லை என்றால், பதிவை அப்படியே வை
— இருந்தால், பழையதையும் புதியதையும் இணைத்து அதே கீயில் வை
கடைசியில்: விளைவின் மதிப்புகளை அரேயாக்கி, கீயில்லாதவையைப் பின்னால் சேர்

நான் முதலில் சொன்ன ஒரு வரி விடை இதன் சுருக்கம்தான்: இரண்டு அரேயையும் சேர்த்து, ஒவ்வொரு பதிவையும் கீ, பதிவு என்ற ஜோடியாக மாற்றி, ஜோடிகளைப் புதிய மேப்புக்குக் கொடுத்து, மதிப்புகளை எடுப்பது. அதில் ஒரு கீயில் கடைசியாக வந்த பதிவு வெல்லும். ஆனால் அது உட்காரும் இடம் முதலில் வந்த பதிவின் இடம். மேப், கீ முதலில் நுழைந்த வரிசையைக் காப்பாற்றும். அதே கீயில் மதிப்பை மாற்றினாலும் இடம் மாறாது. நமக்கு இது வசதியே: கடைப் பட்டியலின் வரிசை அப்படியே இருக்கும், விநியோகஸ்தரிடம் மட்டும் உள்ளவை பின்னால் வரும். வேறு வரிசை வேண்டுமென்றால் இணைத்து முடித்த பிறகு தனியாக வரிசைப்படுத்துங்கள்.

மேப்புக்குப் பதில் ஃபில்டரும் ஃபைண்ட்இண்டெக்ஸும் சேர்த்து எழுதும் முறையும் நிறையப் புழங்குகிறது. ஐம்பது பதிவுக்கு அது நன்றாகவே போதும், படிக்கவும் சுலபம். ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் அது அரேயை முதலிலிருந்து தேடுகிறது. இரண்டு பட்டியலிலும் பத்தாயிரம் பதிவுகள் இருந்து எதுவும் ஒன்றையொன்று ஒக்காவிட்டால், சுமார் 20 கோடி ஒப்பீடுகள். மேப்பில் அதே வேலைக்கு இருபதாயிரம் முறை தேடினால் போதும். பட்டியல் வளரக்கூடியது என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே மேப்பில் எழுதிவிடுங்கள். ரெடியூஸுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்ததை எல்லாம் ஸ்ப்ரெட் செய்து புதிய அரே உண்டாக்குவதும் இதே வகைச் செலவுதான்.

சாதாரண ஆப்ஜெக்ட்டை மேப் போலப் பயன்படுத்துவதையும் தவிர்க்கலாம். அதில் 7, 12 போன்ற முழு எண் கீகள் எப்போது சேர்த்தாலும் ஏறுவரிசையில் முன்னால் போய் நின்றுவிடும். கடை ஐடியைக் கீயாக வைத்தால் கவனமாக வைத்த வரிசை கலைந்துவிடும்.

சின்னதாக ஒன்று: பெரிய அரேயை இன்னொன்றோடு சேர்க்க, புஷ் மெத்தடுக்குள் ஸ்ப்ரெட் செய்யாதீர்கள். லட்சக்கணக்கான பதிவுகள் வந்தால் ஸ்டாக் நிரம்பி எரர் வரலாம். கான்கேட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

படி 4: முரண்பட்டால் யார் சொல்வது செல்லும்?

இணைக்கும் படியில் "பழையதையும் புதியதையும் இணைத்து" என்று ஒரே சொற்றொடரில் முடித்துவிட்டேன். இரண்டாவது கேள்வி அதற்குள்தான் இருக்கிறது.

எளிதான வழி, இரண்டு ஆப்ஜெக்ட்டையும் ஸ்ப்ரெட் செய்து ஒன்றின் மேல் ஒன்றைப் போடுவது. பின்னால் வருவது முன்னால் வந்ததை மூடும். கடைப் பதிவின் மேல் விநியோகஸ்தரின் பதிவைப் போட்டால் அட்டைப்படம் வந்துவிடும். கூடவே விநியோகஸ்தரின் கிடங்கில் உள்ள 400 பிரதி, நம் கடையில் உள்ள 3 பிரதியை மூடிவிடும். நாலாவது பிரதி கேட்டு ஆர்டர் வரும்போதுதான் தெரியும். தலைகீழாகப் போட்டால், கடைப் பதிவில் அட்டைப்படப் புலத்தில் உள்ள நல் (null) மதிப்பு, விநியோகஸ்தரின் சரியான படத்தை மூடிவிடும். ஸ்ப்ரெட்டுக்கு நல் மதிப்பும் அன்டிஃபைன்ட்டும் மற்றவற்றைப் போலவே மதிப்புகள்தான்.

அதனால் பதிவு முழுவதற்கும் ஒரே வெற்றியாளரை வைக்காதீர்கள். புலம் புலமாக முடிவு செய்யுங்கள். நம் கடைக்கு நான் இப்படி எழுதுவேன்:

கையிருப்பு, விற்பனை விலை: கடை சொல்வது மட்டுமே
அச்சிட்ட விலை, பக்க எண்ணிக்கை, அட்டைப்படம்: விநியோகஸ்தர், அவரிடம் இல்லை என்றால் கடை
தலைப்பு: கடை திருத்தியிருந்தால் கடை, இல்லையென்றால் விநியோகஸ்தர்
பிரிவுகள்: இரண்டும் சேர்த்து, திரும்பி வருபவை நீக்கி

இந்த நாலு வரியையும் கடைக்காரரிடம் காட்டி ஒப்புதல் வாங்கலாம். அது புரோகிராமர் தனியாக எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. தொழில் தெரிந்தவர் சொல்ல வேண்டியது.

"அவரிடம் இல்லை என்றால்" என்பதை எப்படி எழுதுகிறோம் என்பதும் முக்கியம். இரட்டைச் செங்குத்துக் கோடு, அதாவது ஆர் ஆபரேட்டர், பூஜ்யத்தையும் காலி ஸ்ட்ரிங்கையும் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். கையிருப்பு 0 என்பது முக்கியமான தகவல். அதை இல்லாததாகக் கருதினால் விற்றுத் தீர்ந்த புத்தகம் மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். 2020 பதிப்பில் வந்த இரட்டைக் கேள்விக்குறி ஆபரேட்டர், நல் மதிப்பையும் அன்டிஃபைன்ட்டையும் மட்டுமே இல்லாததாகப் பார்க்கும். இங்கே வேண்டியது அதுதான். காலி ஸ்ட்ரிங்கையும் இல்லாததாகக் கருத வேண்டிய புலங்களுக்குத் தனியாக ஒரு சோதனை எழுதுங்கள்.

பிரிவுகள் ஸ்ட்ரிங் அரே என்பதால் படி 1-இல் ஒதுக்கிய செட் இங்கே சரியாகப் பொருந்துகிறது. ஸ்ப்ரெட் மேல்மட்டத்தை மட்டுமே நகலெடுக்கும் என்பதால், உள்ளே இருக்கும் அரேக்களையும் ஆப்ஜெக்ட்டுகளையும் இப்படித் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். இல்லையென்றால் இணைத்த பதிவில் ஒரு பிரிவைச் சேர்க்கும்போது மூலப் பட்டியலிலும் அது சேர்ந்துவிடும்.

ஒரே பட்டியலுக்குள்ளேயே டூப்ளிகேட் இருந்தால் விதி மாறலாம். கடைப் பட்டியலில் ஒரே ஐஎஸ்பிஎன் இரண்டு தடவை வந்தால், அது இரண்டு அலமாரிகளில் உள்ள பிரதிகளாக இருக்கலாம். அங்கே கையிருப்பைக் கூட்ட வேண்டும். அதனால் முதலில் ஒவ்வொரு பட்டியலையும் அதன் சொந்த விதிப்படி ஒழுங்குபடுத்துங்கள், அப்புறம் இரண்டையும் இணையுங்கள். இரண்டையும் ஒரே லூப்பில் செய்தால் எந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோகும்.

யார் பெரியவர் என்பதற்குப் பதில் எது புதியது என்பதே கேள்வி என்றால், மாற்றிய நேரத்தை ஒப்பிடுங்கள். நேரத்தை ஸ்ட்ரிங்காக ஒப்பிடுவது, இரண்டும் ஒரே வடிவிலும் ஒரே நேர மண்டலத்திலும் இருந்தால் மட்டுமே சரி. இந்திய நேரம் காலை 10:00 என்பது யுடிசியில் (உலகப் பொது நேரம்) 04:30. அதை யுடிசி 05:00 என்ற ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டால் 10:00 பெரியது என்றே விடை வரும். உண்மையில் அரை மணி பழையது அதுதான். இரண்டையும் டேட் ஆக்கி ஒப்பிடுங்கள். கூடுமானவரை சர்வர் பதித்த நேரத்தையே நம்புங்கள். பயனரின் போனில் உள்ள கடிகாரம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஐஎஸ்பிஎன் ஒன்றாக இருந்தும் தலைப்புகள் கொஞ்சமும் ஒத்துவராத பதிவுகள் எப்போதாவது வரும். எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கலாம். ஒரு பதிப்பகம் ஒரே எண்ணை இரண்டு புத்தகங்களில் அச்சிட்டிருக்கலாம். அவற்றை இணைக்காமல் ஒரு பட்டியலில் எழுதிவைத்து, ஆள் பார்க்கும்படி செய்யுங்கள்.

படி 5: பக்கம் பக்கமாக வரும் பட்டியல்கள்

இரண்டு முழுப் பட்டியல்களை இணைப்பதைவிட இணையத்தில் அதிகம் நடப்பது, ஸ்குரோல் செய்யச் செய்ய வரும் பக்கங்களை ஏற்கெனவே இருப்பதோடு சேர்ப்பது. புதியது மேலே இருக்கும் வரிசையில் பக்கத்துக்கு 20 என்று கேட்கிறோம். பயனர் முதல் பக்கத்தைப் பார்க்கும்போது சர்வரில் ஒரு புத்தகம் புதிதாகச் சேர்ந்தால், எல்லாம் ஒரு இடம் கீழே தள்ளப்படும். "முதல் 20-ஐ விட்டுவிட்டு அடுத்த 20" என்று கேட்டால், ஏற்கெனவே பார்த்த 20-ஆவது புத்தகம் மறுபடி வரும். ரியாக்ட்டில் (திரைகளை உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஒரே கீயோடு இரண்டு உறுப்புகள் இருப்பதாகக் கன்சோலில் எச்சரிக்கை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அரேயின் இண்டெக்ஸைக் கீயாகக் கொடுத்து அந்த எச்சரிக்கையை அடக்காதீர்கள். அது டூப்ளிகேட்டை மறைக்கிறது, நீக்குவதில்லை.

படி 3-இல் எழுதிய அதே இணைப்பு இங்கேயும் டூப்ளிகேட்டை நீக்கிவிடும். ஆனால் எதிர்த் திசையில் நடப்பதை அதனால் சரிசெய்ய முடியாது. இடையில் ஒரு புத்தகம் நீக்கப்பட்டால் எல்லாம் ஒரு இடம் மேலே ஏறும். 21-ஆவதாக இருந்த புத்தகம் எந்தப் பக்கத்திலும் வராமலே போய்விடும். அதற்கு, "இந்தப் புத்தகத்துக்கு அடுத்து உள்ள 20" என்று கடைசிப் பதிவைச் சுட்டிக் கேட்கும் கர்சர் முறைக்கு ஏபிஐயை மாற்ற வேண்டும்.

நீக்கப்பட்டவை பற்றி இன்னொன்று. இணைப்பு என்பது சேர்க்க மட்டுமே தெரிந்த வேலை. சர்வரில் நீக்கிய புத்தகம் பிரவுசரில் உள்ள பழைய பட்டியலில் இருந்தால், எத்தனை தடவை இணைத்தாலும் அது அங்கேயே இருக்கும். நீக்கிய பதிவுகளை "நீக்கப்பட்டது" என்ற குறியோடு சர்வர் அனுப்ப வேண்டும். இணைத்த பிறகு குறியுள்ளவற்றை வடிகட்டிக் காட்டுங்கள்.

ரியாக்ட் போன்றவற்றில் பழைய மேப்பையே திருத்தி ஸ்டேட்டில் வைத்தால் திரை மாறாது. ரெஃபரன்ஸ் அதேதான் என்பதால் மாற்றம் நடந்ததே அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிய மேப் அல்லது புதிய அரே கொடுங்கள். ரிடக்ஸ் டூல்கிட் (ஸ்டேட்டைக் கையாளும் லைப்ரரி) பயன்படுத்துபவர்களுக்கு என்டிட்டி அடாப்டரில் எல்லாம் தயாராக இருக்கிறது. ஆட்மெனி, இருப்பதை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் சேர்க்கும். செட்மெனி, இருப்பதை முழுதாக மாற்றும். அப்சர்ட்மெனி மேல்மட்டப் புலங்களை இணைக்கும். மூன்றும் மூன்று வெவ்வேறு முரண்பாட்டு விதிகள். பெயரைப் பார்த்து எடுக்காமல் விதியைப் பார்த்து எடுங்கள்.

படி 6: சோதியுங்கள்

இந்தக் கோடைச் சோதிப்பது எளிது, ஏனென்றால் எந்தத் தரவுக்கும் பொருந்த வேண்டிய சில உண்மைகள் உண்டு. ஒரு பட்டியலைக் காலிப் பட்டியலோடு இணைத்தால் அதுவே திரும்ப வர வேண்டும். இணைத்து வந்ததோடு விநியோகஸ்தரின் பட்டியலை மறுபடி இணைத்தால், கீயில்லாதவற்றைத் தவிர எதுவும் மாறக் கூடாது. மாறினால் எங்கோ ஒரு புலம் இரண்டு தடவை கூடுகிறது. விளைவின் நீளம், தனித்தனிக் கீகளின் எண்ணிக்கையும் கீயில்லாதவற்றின் எண்ணிக்கையும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். உள்ளே கொடுத்த இரண்டு அரேக்களும் இணைப்புக்கு முன் இருந்தபடியே இருக்க வேண்டும். இதைச் சோதிக்க, கொடுக்கும் முன் பதிவுகளை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள் (மாற்ற முடியாதபடி பூட்டிவிடுங்கள்).

தரவில் கட்டாயம் இருக்க வேண்டியவை: 10 இலக்கத்திலும் 13 இலக்கத்திலும் ஒரே புத்தகம், எக்ஸில் முடியும் ஒரு எண், ஐஎஸ்பிஎன் இல்லாத இரண்டு வெவ்வேறு புத்தகங்கள், இரண்டு குறியீட்டு வடிவங்களில் ஒரே தமிழ்த் தலைப்பு, கையிருப்பு 0. நிஜத் தரவில் ஓட்டும்போது எத்தனை உள்ளே போயின, எத்தனை இணைந்தன, எத்தனை கீயில்லாமல் ஒதுங்கின என்ற மூன்று எண்ணிக்கையையும் லாகில் எழுதுங்கள். ஒருநாள் இணைந்தவை திடீரென்று பல மடங்கானால், யாரோ கீ புலத்தின் வடிவத்தை மாற்றிவிட்டார்கள் என்று அன்றே தெரிந்துவிடும்.

வேறு கருவிகளில்

லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் யூனியன்பை என்ற ஃபங்ஷன், கீ ஃபங்ஷனைக் கொடுத்தால் இரண்டு அரேக்களை இணைத்துத் தரும். அதில் முதலில் வந்த பதிவு நிற்கும், மேப் சுருக்கத்தில் கடைசியாக வந்தது நிற்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது இதைக் கவனியுங்கள். சமீபத்தில் செட்டுக்கு வந்த யூனியன் மெத்தட் நம் வேலைக்கு உதவாது. அதுவும் ரெஃபரன்ஸைத்தான் பார்க்கிறது.

பிஎச்பியில், அரே காலம் (array_column) ஃபங்ஷனைக் கொண்டு ஐஎஸ்பிஎன்னைக் கீயாக வைத்து இரண்டு அரேக்கள் செய்தபின் அரே மெர்ஜ் கொடுத்தால் டூப்ளிகேட் திரும்ப வந்துவிடும். 13 இலக்க ஸ்ட்ரிங் கீயை, 64 பிட் சர்வரில் பிஎச்பி தானாகவே முழு எண்ணாக மாற்றுகிறது. முழு எண் கீகளை அரே மெர்ஜ் புதிதாக எண்ணிடுகிறது. அங்கே அரே ரீப்ளேஸ் அல்லது கூட்டல் குறி பயன்படுத்துங்கள். ரீப்ளேஸில் வலப்பக்கம் வெல்லும், கூட்டலில் இடப்பக்கம்.

சி ஷார்ப்பில் டாட்நெட் 6 முதல் யூனியன்பை இருக்கிறது. ஜாவாவில் கலெக்டர்ஸின் டூமேப்புக்கு இணைக்கும் ஃபங்ஷனைக் கொடுக்காவிட்டால், டூப்ளிகேட் கீ வந்ததும் எக்செப்ஷன் எறியும். முரண்பாட்டு விதியை எழுதாமல் நகர விடாத அந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். வரிசை முக்கியம் என்றால் லிங்க்ட்ஹேஷ்மேப் கேளுங்கள்.

இரண்டு பட்டியலும் ஒரே டேட்டாபேஸில் இருந்தால் பிரவுசர் வரைக்கும் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. எஸ்க்யூஎல்லின் யூனியன், எல்லாப் புலங்களும் ஒத்திருக்கும் வரிசைகளை மட்டுமே ஒன்றாக்கும். ஒரு ரூபாய் விலை வித்தியாசம் இருந்தாலும் இரண்டும் வரும். ஐஎஸ்பிஎன்னை வைத்து ஜாயின் செய்து, புலவாரி விதிகளை COALESCE (நல் அல்லாத முதல் மதிப்பைத் தரும் ஃபங்ஷன்) கொண்டு அங்கேயே எழுதலாம். சுத்தம் செய்த 13 இலக்க எண்ணைத் தனி நெடுவரிசையாகச் சேமித்து அதற்கு யூனிக் இண்டெக்ஸ் போட்டுவிட்டால், அதே எண்ணோடு இரண்டாவது வரிசை உள்ளே நுழையும்போதே டேட்டாபேஸ் தடுத்துவிடும். ஐஎஸ்பிஎன் இல்லாத புத்தகங்களுக்கு அந்த நெடுவரிசையை நல் (null) மதிப்பாக விடுங்கள், காலி ஸ்ட்ரிங்காக அல்ல. மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரஸும் யூனிக் இண்டெக்ஸில் எத்தனை நல் வேண்டுமானாலும் அனுமதிக்கும். காலி ஸ்ட்ரிங் ஒன்றுக்கு மேல் வந்தால் மறுத்துவிடும்.